கையெழுத்துக்கும் பணத்துக்கும் நடுவே: கடைக்காரர் வாங்கும் காசோலைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் பெரும் சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், வாடிக்கையாளர்களிடமிருந்து தனிநபர் காசோலைகளைப் பெறுவதை 2024 ஜூலை 15 முதல் நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், அரசுக் கொடுப்பனவுகளுக்குக் காகிதக் காசோலை வழங்குவதை 2025 செப்டம்பர் 30-க்குள் பெருமளவில் கைவிட வேண்டும் என்று அந்நாட்டு ஜனாதிபதி ஆணை பிறப்பித்தார்.

இவ்விரு செய்திகளை மட்டும் வைத்துப் பார்த்தால், காசோலையின் காலம் முடிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் ஆய்வுகள் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. 1990களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5,000 கோடியாக இருந்த காசோலைகளின் எண்ணிக்கை, 2021-இல் சுமார் 1,100 கோடியாகக் குறைந்திருந்தது. வீழ்ச்சி பெரிதுதான், எஞ்சியிருக்கும் எண்ணிக்கையும் பெரிதே.

கடன் அட்டையை விரும்பாத முதியவர்கள், வீட்டு உபயோகப் பொருள் வாங்குவோர், வாகனம் பழுதுபார்க்கக் கொடுப்போர், மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர்கள் எனப் பலரும் இன்றும் காசோலை எழுதுகின்றனர். அட்டை வழியாக வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், காசோலையே மேல் என்று கருதும் வியாபாரிகளும் உள்ளனர்.

அமெரிக்காவில் மளிகைக் கடை, எரிபொருள் நிலையம், நகைக்கடை, உணவகம் ஆகியவற்றை நடத்தும் தமிழர்களுக்கும் இது அன்றாடப் பிரச்சினை. காசோலையை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் வியாபாரி, பணம் வந்து சேரும் வரை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்தவராகவே இருக்கிறார். அந்தக் கடன் வராமல் போனால் இழப்பு யாருடையது என்பதே கேள்வி.

கடந்த இருபது ஆண்டுகளில் காசோலைப் பரிமாற்றம் ஏறக்குறைய முழுமையாக மின்னணுமயமாகிவிட்டது. வேகம் கூடியதால் ஆபத்தும் நீங்கிவிட்டது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது எந்த அளவுக்குச் சரி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காகிதம் விமானத்தில் பறந்த காலம்

காசோலையின் அடிப்பகுதியில் விநோதமான வடிவில் ஒரு வரிசை எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். காந்தத் தன்மை கொண்ட மையினால் அச்சிடப்படும் அந்த வரிசையில், வங்கியைக் குறிக்கும் ஒன்பது இலக்க எண்ணும், கணக்கு எண்ணும், காசோலையின் வரிசை எண்ணும் அடங்கியிருக்கும். இயந்திரமே காசோலையை வாசித்துத் தரம் பிரிக்க வேண்டும் என்பதற்காக 1950களில் உருவாக்கப்பட்ட முறை இது.

வாசிப்பது இயந்திரம் என்றாலும், பயணம் செய்தது காகிதம்தான். கடைக்காரர் தமது வங்கியில் செலுத்திய காசோலை, அங்கிருந்து தீர்வகத்துக்கோ பெடரல் ரிசர்வ் கிளைக்கோ சென்று, பின்னர் வாடிக்கையாளரின் வங்கிக்குச் சென்று சேர வேண்டும். தூர நகரங்களுக்கு அவை இரவு விமானங்களில் மூட்டை மூட்டையாக அனுப்பப்பட்டன. கணக்கில் பணம் இல்லையென்றால், அதே காகிதம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். மோசடி செய்பவருக்கு இந்த இடைவெளியே மூலதனமாக இருந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களை அடுத்து அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்பட்டது. விமானங்கள் தரையிறக்கப்பட்டதால் காசோலை மூட்டைகள் தேங்கின. ஒரு வங்கியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, மற்றொரு வங்கியின் கணக்கில் இன்னும் பற்று வைக்கப்படாமல் நின்ற தொகை, அந்த வாரத்தில் சுமார் 4,700 கோடி டாலராக உயர்ந்தது.

அந்த அனுபவத்தின் பின்னணியில் ஓர் புதிய சட்டம் வேகம் பெற்றது. 'இருபத்தோராம் நூற்றாண்டுக்கான காசோலைத் தீர்வுச் சட்டம்' எனப்படும் அது, 2003 அக்டோபர் 28-இல் கையெழுத்தாகி, சரியாக ஓர் ஆண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. காசோலையின் படத்தை மின்னணு முறையில் அனுப்பி, தேவைப்படும் இடத்தில் அதிலிருந்து 'மாற்றுக் காசோலை' ஒன்றை அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கு அசல் காசோலைக்கு உரிய சட்ட மதிப்பு உண்டு என்று அது கூறியது.

படத்தை ஏற்றே ஆகவேண்டும் என்று அச்சட்டம் எந்த வங்கியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அசல் காகிதத்தைத்தான் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் உரிமையை அது நீக்கியது. விளைவு வேகமாக வந்தது. 2003-இல் 45 இடங்களில் காகிதக் காசோலைகளைக் கையாண்ட பெடரல் ரிசர்வ், 2010-இல் அதை ஒரேயொரு நிலையமாகச் சுருக்கிக்கொண்டது.

கடையில் நடப்பது என்ன?

ஒரு கடையில் காசோலை மின்னணு வடிவம் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் அவை வேறானவை.

முதலாவது வழியில், கடைக்காரர் காசோலையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, தமது வங்கிக்கு அனுப்புகிறார். வங்கிக்கு நேரில் செல்லும் வேலை மிச்சமாகிறது. படமாக மாறினாலும் அது காசோலையாகவே இருக்கும்; காசோலைகளுக்கான சட்டமே அதற்குப் பொருந்தும்.

இரண்டாவது வழியில், காசோலை தன் அடையாளத்தையே இழந்துவிடுகிறது. கல்லாவில் உள்ள சிறு கருவி காந்த மை வரிசையை வாசிக்கிறது. அதிலுள்ள எண்களை வைத்து, வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் எடுக்கும் மின்னணுப் பற்று ஒன்று உருவாக்கப்படுகிறது. சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்வதற்குப் பயன்படும் தானியங்கித் தீர்வக வலையமைப்பின் வழியாகவே இதுவும் செல்கிறது. இதற்கான விதிகளை வகுப்பது நாச்சா என்ற அமைப்பு.

கல்லாவிலேயே இந்த மாற்றம் நடந்தால், வாடிக்கையாளர் ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட வேண்டும். காசோலை செல்லாததாக்கப்பட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கப்படும். எழுதிக் கொடுத்த காசோலை உடனே திரும்பக் கிடைப்பதைக் கண்டு குழம்பியவர்கள் பலர். பணம் வேண்டாம் என்று கடைக்காரர் திருப்பித் தருவதாக அதற்குப் பொருளில்லை.

2007 மார்ச் மாதம் முதல் இன்னொரு முறைக்கும் அனுமதி கிடைத்தது. இதில் காசோலையைக் கல்லாவில் வாங்கி வைத்துக்கொண்டு, நாள் முடிவில் கடையின் பின்னறையில் மொத்தமாக மாற்றலாம். இவ்வாறு செய்யப்படும் என்ற அறிவிப்பைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. காசோலையின் படத்தை இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 25,000 டாலருக்கு மேற்பட்ட காசோலைகளை இம்முறையில் மாற்ற முடியாது.

காசோலை மின்னணுப் பற்றாக மாறிய பின்னர், நுகர்வோரின் மின்னணுப் பரிமாற்றங்களுக்கான சட்டமே அதைக் கட்டுப்படுத்தும். தனது அனுமதியின்றிப் பணம் எடுக்கப்பட்டதாக வாடிக்கையாளர் வங்கிக் கணக்கு அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் முறையிடலாம். இது நுகர்வோருக்குப் பாதுகாப்பு. கடைக்காரருக்கோ, முடிந்துபோனதாக நினைத்த விற்பனை வாரக்கணக்கில் கழிந்த பின்னரும் திரும்பி வரக்கூடும் என்று பொருள்.

வேகம் தருவதும் தராததும்

மின்னணு முறையால் கடைக்காரருக்குக் கிடைக்கும் முதன்மையான பயன், கெட்ட செய்தி சீக்கிரம் வருவதுதான். பணமில்லாத காசோலை திரும்பி வர முன்பு ஒரு வாரத்துக்கும் மேலாகலாம். இப்போது இரண்டு மூன்று வேலைநாட்களில் தெரிந்துவிடுகிறது. அதே கணக்கிலிருந்து இரண்டாவது காசோலையை வாங்குவதற்கு முன்னர் எச்சரிக்கை கிடைத்துவிடும்.

ஆனால் கல்லாவில் நிற்கும் அந்த நேரத்தில், வாடிக்கையாளரின் கணக்கில் பணம் இருக்கிறதா என்பதை இந்தக் கருவி பொதுவாகச் சொல்வதில்லை. அட்டையைத் தேய்க்கும்போது, அட்டை வழங்கிய வங்கியிடம் அனுமதி கேட்கப்பட்டு, அத்தொகை ஒதுக்கியும் வைக்கப்படுகிறது. காசோலைக்கு அத்தகைய ஒதுக்கீடு எதுவும் கிடையாது. காலையில் இருந்த பணம் மாலையில் வேறொரு காசோலைக்குப் போய்விடலாம்.

காசோலை திரும்புவதற்கான காரணங்களும் ஒன்றல்ல. கணக்கில் போதிய பணம் இல்லாமை, கணக்கே மூடப்பட்டிருத்தல், பணம் தர வேண்டாம் என்று வாடிக்கையாளர் வங்கிக்கு உத்தரவிட்டிருத்தல், கையெழுத்தோ காசோலையோ போலியாக இருத்தல் எனப் பலவுண்டு. முதலாவது பெரும்பாலும் கவனக்குறைவு. கடைசியில் உள்ளது குற்றம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது கடைக்காரருக்கும் நன்மை தராது.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. வங்கிக் கணக்கில் பணம் காட்டினால் காசோலை தீர்ந்துவிட்டது என்பதே அது. செலுத்தப்படும் காசோலைகளில் முதல் 275 டாலரை அடுத்த வேலைநாளில் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்பது, 2025 ஜூலை முதல் அமெரிக்காவில் உள்ள பொது விதி. அது வாடிக்கையாளரின் வசதிக்கான கால வரம்பு. காசோலை செல்லும் என்பதற்கான சான்று அல்ல. பணத்தை எடுத்துச் செலவிட்ட பின்னர் காசோலை திரும்பினால், வங்கி அதைக் கடைக்காரரின் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளும்.

தொழில்நுட்பம் ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவந்துள்ளது. சம்பளக் காசோலையைக் கைபேசியில் படமெடுத்துத் தன் வங்கிக்கு அனுப்பிவிட்டு, அதே காகிதத்தைக் கடையில் கொடுத்துப் பணமாக்க ஒருவரால் முடியும். இத்தகைய இரட்டைச் செலுத்தலில், அசல் காகிதத்தைப் பெற்ற வங்கி, படத்தைப் பெற்ற வங்கியிடம் ஈடு கோரலாம் என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் காசோலையின் பின்புறத்தில் 'கைபேசி வழிச் செலுத்தலுக்கு மட்டும்' என்பது போன்ற குறிப்பு இருந்தும் அதை வாங்கியிருந்தால், அந்த ஈட்டைக் கோர முடியாது. பணம் கொடுப்பதற்கு முன்னர் காசோலையைத் திருப்பிப் பார்ப்பது இன்றும் செலவில்லாத பாதுகாப்பு.

சரிபார்ப்பு வேறு, உத்தரவாதம் வேறு

இந்த இடைவெளியை நிரப்பவே தனியார் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் மிகவும் அறியப்பட்டதான டெலிசெக் 1960களில் ஹவாயில் தொடங்கியது. அக்காலத்தில் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, ஓட்டுநர் உரிம எண்ணைச் சொல்லிக் கேட்பார். இன்று கல்லாவில் உள்ள கருவி சில விநாடிகளில் அதே கேள்வியைக் கேட்டு விடை பெறுகிறது.

இந்நிறுவனங்கள் விற்பது இரண்டு வெவ்வேறு சேவைகள். ஒன்று சரிபார்ப்பு. இந்த ஓட்டுநர் உரிம எண்ணிலோ கணக்கு எண்ணிலோ இதற்கு முன்னர் திரும்பி, இன்னும் பணம் செலுத்தப்படாத காசோலை உண்டா, ஒரே நாளில் அளவுக்கு மீறிக் காசோலைகள் எழுதப்பட்டுள்ளனவா என்பன போன்ற தகவல்களைத் தரவுத்தளத்தில் தேடி, ஏற்கலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வது அது. ஏற்கலாம் என்ற பதிலை நம்பி வாங்கிய காசோலை திரும்பினாலும், இழப்பு கடைக்காரருடையதே.

மற்றொன்று உத்தரவாதம். நிறுவனம் அனுமதி அளித்த காசோலை திரும்பினால், அத்தொகையை அது கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரிடமிருந்து வசூலிக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இதற்கான கட்டணம் சரிபார்ப்பை விட அதிகம். வழக்கமாகக் காசோலைத் தொகையில் ஒரு சதவீதமாக அது கணக்கிடப்படுகிறது.

விற்பனைப் பிரதிநிதி 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. முதல் காசோலை திரும்பிய பின்னரே தாம் வாங்கியது எது என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கும் கடைக்காரர்கள் உள்ளனர்.

உத்தரவாதத்திலும் நிபந்தனைகள் உண்டு. அடையாள அட்டை எண்ணையும் தொலைபேசி எண்ணையும் குறித்திருக்க வேண்டும், தொகை குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும், குறித்த நாட்களுக்குள் உரிமை கோர வேண்டும் என்பன வழக்கமானவை. பொருளில் குறை இருப்பதாகக் கூறி வாடிக்கையாளர் பணத்தை நிறுத்தினால், அந்தத் தகராறை உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை.

இது இலாபமா நட்டமா என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்க்கலாம். மாதத்துக்கு 100 டாலர் வீதம் 200 காசோலைகளை வாங்கும் ஒரு கடை, உத்தரவாதத்துக்கு 2 சதவீதம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 400 டாலர். நான்கு காசோலைகளுக்கும் குறைவாகவே வசூலாகாமல் போகுமானால், உத்தரவாதத்துக்குக் கொடுக்கும் பணம் இழப்பை விட அதிகம்.

ஆனால் அதே கடைக்குப் பத்து சதவீத இலாபமே நிற்கிறது என்றால், வராமல் போன ஒரு 100 டாலரை ஈடுசெய்ய 1,000 டாலருக்கு விற்பனை செய்ய வேண்டும். ஆகவே தெரிந்த முகங்களே வந்துபோகும் மளிகைக் கடைக்குச் சரிபார்ப்பே போதுமானதாக இருக்கலாம். நெடுஞ்சாலையோரத்தில் அந்நியர்களுக்கு ஆயிரம் டாலர் பொருளை விற்கும் கடைக்கு உத்தரவாதம் தேவைப்படலாம். முடிவு கடைக்காரரின் சொந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து வரவேண்டும்.

திரும்பிய பின்னர் என்ன செய்யலாம்?

உத்தரவாதம் இல்லாத கடைக்காரருக்கு முதலில் உள்ள வழி, காசோலையை மீண்டும் செலுத்திப் பார்ப்பது. பணம் போதாமையால் திரும்பிய காசோலை 2,500 டாலருக்குக் குறைவானதாக இருந்தால், அதை மின்னணு முறையில் மறுபடியும் சமர்ப்பிக்க நாச்சா விதிகள் அனுமதிக்கின்றன. காகிதமாகச் செலுத்தியதையும் சேர்த்து மொத்தம் மூன்று முறை முயலலாம். சம்பளம் வரவு வைக்கப்படும் நாளைக் குறிவைத்து இந்த மறு சமர்ப்பிப்பு செய்யப்படுவது வழக்கம். கணக்கு மூடப்பட்டிருந்தாலோ, காசோலை போலியானதாக இருந்தாலோ இந்த வழி இல்லை.

திரும்பிய காசோலைக்குக் கடைக்காரர் அறவிடக்கூடிய கட்டணத்தை மாநிலச் சட்டங்கள் வரையறுக்கின்றன. நியூயார்க்கில் அது 20 டாலர். கலிபோர்னியாவில் முதல் காசோலைக்கு 25 டாலர், அதன் பின்னர் ஒவ்வொன்றுக்கும் 35 டாலர். உரிய அறிவித்தல் கொடுத்தும் பணம் தராதவர் மீது கலிபோர்னியாவில் சிவில் வழக்குத் தொடுத்தால், காசோலைத் தொகையின் மும்மடங்கு வரை இழப்பீடு கோரலாம். அதற்கு 100 டாலர் குறைந்தபட்சமும் 1,500 டாலர் உச்சவரம்பும் உண்டு.

குற்றவியல் நடவடிக்கைக்கு ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். இந்த வேறுபாட்டை மறைத்து மக்களை அச்சுறுத்திய நிகழ்வுகளும் உண்டு. அரச வழக்குத் தொடுநரின் பெயரில் சிறைத் தண்டனை எச்சரிக்கைக் கடிதங்களை அனுப்பி, கட்டணம் செலுத்தி நிதிக் கல்வி வகுப்பில் சேருமாறு நிர்ப்பந்தித்ததாக ஒரு தனியார் வசூல் நிறுவனத்தின் மீது நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2015 மார்ச்சில் நடவடிக்கை எடுத்தது.

மறுக்கப்படும் வாடிக்கையாளர்

கடைக்காரரைப் பாதுகாக்கும் அதே தரவுத்தளம், மறுபக்கத்தில் ஒரு வாடிக்கையாளரைத் தலைகுனியச் செய்யக்கூடும். பெயர் ஒற்றுமையாலோ, திருடப்பட்ட காசோலைப் புத்தகத்தாலோ, செலுத்தி முடித்த தொகை பதிவிலிருந்து நீக்கப்படாததாலோ, குற்றமற்ற ஒருவர் பட்டியலில் இடம்பெறலாம்.

புதிதாகக் குடியேறியவர்கள் இதில் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். புதிய கணக்கின் காசோலைகள் பெரும்பாலும் 101 என்ற எண்ணிலிருந்து தொடங்குகின்றன. குறைந்த எண் கொண்ட காசோலை ஆபத்தானது என்பது அமெரிக்கச் சில்லறை வர்த்தகத்தில் நீண்டகாலமாக நிலவும் கருத்து. இக்கட்டுரையாளரும் குடிபெயர்ந்த முதல் ஆண்டில், கணக்கில் பணமிருந்தும், ஒரு கடையில் மெத்தை வாங்க எழுதிய காசோலை மறுக்கப்பட்டு வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களின் பார்வையில் அவர் பணமில்லாமல் காசோலை எழுதிய ஒருவராகவே தெரிந்திருப்பார்.

அத்தகைய நேரத்தில் வாடிக்கையாளருக்குச் சட்டப்படி உரிமைகள் உள்ளன. கடன் தகவல் அறிக்கைகளுக்கான மத்திய சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தின் தகவலை வைத்துக் காசோலையை மறுக்கும் கடை, அந்நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தெரிவிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அந்நிறுவனம் தனது கோப்பின் பிரதியை இலவசமாகத் தரவேண்டும். தவறு இருப்பதாக முறையிட்டால், பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும்.

இவை ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமைகள் அல்ல என்பதை இரண்டு வழக்குகள் காட்டின. நுகர்வோரின் முறையீடுகளை உரியபடி விசாரிக்கவில்லை என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்வதற்காக, செர்டெஜி நிறுவனம் 2013 ஆகஸ்டிலும் டெலிசெக் 2014 ஜனவரியிலும் தலா 35 இலட்சம் டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டன. இந்நடவடிக்கைகளை எடுத்தது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்.

கல்லாவில் நிற்பவருக்கு மறுப்பின் காரணம் தெரியாது. கருவி அவருக்கு அதைச் சொல்வதில்லை. ஆகவே அவருடன் வாதிடுவதால் பயனில்லை. விவரச் சீட்டைக் கேட்டு வாங்குவதே வாடிக்கையாளர் செய்ய வேண்டியது. அதை மரியாதையுடன் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமையும்கூட.

பிற நாடுகளில் வேறு வழிகள்

கல்லாவில் எழும் இதே கேள்விக்கு எல்லா நாடுகளும் ஒரே விடையைத் தேடவில்லை. தமிழர்கள் வாழும் வேறு சில நாடுகளின் அனுபவம் இதற்குச் சான்று.

பிரிட்டனில் உத்தரவாதத்தை வங்கிகளே வழங்கின. காசோலையின் பின்புறத்தில் உத்தரவாத அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டால், அட்டையில் கண்ட வரம்பு வரை வங்கி பணம் தரும் என்பது ஏற்பாடு. பயன்பாடு குறைந்ததால் அத்திட்டம் 2011 ஜூன் 30-உடன் கைவிடப்பட்டது. கடைகளில் காசோலை வாங்கும் வழக்கம் அதன் பின்னர் ஏறக்குறைய மறைந்துபோனது. உத்தரவாதம் நீங்கினால் காசோலைக்குக் கல்லாவில் இடமில்லை என்பதை இது உணர்த்துகிறது.

இந்தியா குற்றவியல் சட்டத்தை நாடியது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ், பணமின்றித் திரும்பும் காசோலைக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காசோலை பெற்றவர் 30 நாட்களுக்குள் அறிவித்தல் அனுப்ப வேண்டும்; பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அவகாசம் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யலாம்.

அச்சம் தருவதில் இச்சட்டம் வல்லது. பணம் பெற்றுத் தருவதில் அவ்வளவு விரைவானதாக இல்லை. 2019 இறுதியில் இந்திய நீதிமன்றங்களில் நிலுவையிலிருந்த 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35.16 இலட்சம் காசோலை வழக்குகள் என்பதை 2021-இல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

படத்தின் மூலம் தீர்வு காண்பதில் தென்னாசியா பின்தங்கிவிடவில்லை. இலங்கை 2006-இலேயே நாடு முழுவதற்குமான காசோலைப் பட முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2008-இல் தில்லியிலும் 2011-இல் சென்னையிலும் இம்முறை தொடங்கியது. 2025 அக்டோபர் 4 முதல் இந்திய வங்கிகள் காசோலைகளைத் தொகுதி தொகுதியாகக் காத்து வைக்காமல், வேலைநேரம் முழுவதும் தொடர்ச்சியாகத் தீர்வுக்கு அனுப்புகின்றன.

எஞ்சியிருக்கும் கேள்வி

காசோலைகள் குறைந்துவரும் அதே வேளையில் காசோலை மோசடி பெருகியிருப்பது முரணாகத் தோன்றலாம். காசோலை மோசடி தொடர்பாக அமெரிக்க வங்கிகள் அரசுக்கு அளித்த சந்தேக அறிக்கைகள் 2021-இல் 3,50,000-க்கும் அதிகமாக இருந்தன. 2022-இல் அவை 6,80,000-ஐத் தாண்டின. தபாலில் திருடப்பட்ட காசோலையின் மையை இரசாயனத்தால் அழித்து, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுவது இவற்றில் முக்கியமான ஒரு வகை.

மின்னணு முறை காகிதத்தின் பயண நேரத்தைக் குறைத்தது. வங்கிகளின் செலவையும் குறைத்தது. கையெழுத்துக்கும் பணத்துக்கும் நடுவே உள்ள நம்பிக்கை என்ற இடைவெளியை அது மூடவில்லை. அந்த இடைவெளியைப் பிரிட்டனில் வங்கியும், இந்தியாவில் நீதிமன்றமும், அமெரிக்காவில் தனியார் தரவுத்தளமும் ஒவ்வொரு விதத்தில் நிரப்ப முயன்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது.

ஆகவே காசோலைச் சேவை ஒன்றில் கையெழுத்திடும் கடைக்காரர் மூன்று கேள்விகளுக்கு எழுத்துமூலம் விடை பெறுவது நல்லது. நான் வாங்குவது சரிபார்ப்பா, உத்தரவாதமா? காசோலை திரும்பினால் எத்தனை நாட்களுக்குள், எந்த ஆவணங்களுடன் பணம் கோர வேண்டும்? வாடிக்கையாளர் மறுக்கப்பட்டால் நான் அவரிடம் என்ன தரவேண்டும்?

முதல் இரண்டு கேள்விகளும் கடைக்காரரின் பணத்தைப் பற்றியவை. மூன்றாவது, மறுபக்கம் நிற்பவரின் மானத்தைப் பற்றியது. அந்த மனிதர் நாளையும் அதே தெருவில்தான் வசிப்பார். வேறு கடைக்குப் போவதா, இங்கேயே திரும்பி வருவதா என்பதை அவரே தீர்மானிப்பார்.